இடிபாடு இல்லாத ஊர்கள்: மட்டக்களப்பின் பழைய படச்சுருள்களை எப்படிப் பார்ப்பது?

போரில் அழிந்த ஊர் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது யாழ்ப்பாணத்துப் படங்கள்தான். கூரை போன கல்வீடு, சன்னம் துளைத்த சுவர், நடுவே வேம்பு முளைத்த விறாந்தை. மட்டக்களப்பில், அதிலும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், அப்படி ஒன்றைத் தேடிப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அங்கே பெரும்பாலான வீடுகள் களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்தவை. ஆள் இல்லாமல் விட்டால் இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. கூரை இறங்கும், சுவர் கரையும், அப்புறம் நாயுண்ணிப் பற்றை மூடிவிடும். 1990இல் சனம் எழும்பிப் போன ஊர்களுக்குப் பல வருடம் கழித்துத் திரும்பியவர்களுக்குத் தங்கள் வளவைக் காட்டிக் கொடுத்தவை அநேகமாகக் கிணறும் புளியமரமும்தான்.

கல்லால் கட்டிய ஊர் அழிந்தால் இடிபாடாவது சாட்சி சொல்லும். மண்ணால் கட்டிய ஊருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தைக் காட்டும் பழைய ஆவணப்படத் துண்டு ஒன்று எங்காவது கிடைத்தால் அதற்குத் தனிப் பெறுமதி. ஆனால் அந்தத் துண்டுகளை நாங்கள் பார்க்கிற விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. "போர் தின்ற மண்" என்கிற மாதிரி ஒரு தலைப்போடு அவை கைபேசிகளில் சுற்றுகின்றன. பார்ப்பவர் கண் கலங்குகிறார், நாலு பேருக்கு அனுப்புகிறார், அதோடு சரி. அதில் தெரிகிற எதைப் போர் அழித்தது, எதைப் போருக்கு முன்பே புயல் கொண்டுபோனது, எதைப் பிறகு கடல் எடுத்தது, எதை வசதி வந்ததும் நாங்களே கைவிட்டோம் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பிரிக்காமல் விட்டால் போர் செய்யாததையெல்லாம் அதன் கணக்கில் எழுதிவிடுவோம். அது உண்மையில் செய்தது கண்ணிலேயே படாமல் போய்விடும்.

யார் எடுத்தார்கள், எதை எடுத்தார்கள்

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில். அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி அதற்கும் பிந்தி, 1982 பெப்ரவரியில். அதற்கு முந்திய அசையும் படம் எதுவானாலும் அநேகமாகப் பிலிமில் எடுத்ததுதான். எடுத்தவர்களில் முக்கியமானது அரசாங்கத் திரைப்படப் பிரிவு. 1948இல் தொடங்கிய இந்தப் பிரிவை முதலில் இத்தாலியரான ஜூலியோ பெட்ரோனியும் பிறகு ஆங்கிலேயரான ரால்ஃப் கீனும் நடத்தினார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கதைப் படங்களுக்குப் போகுமுன் வேலை பார்த்ததும் இங்கேதான். அடுத்தது வெளிநாட்டுச் செய்திப்படக்காரர்களும் பயணப்படக்காரர்களும். அப்புறம், சொந்தமாக 8 அல்லது 16 மில்லிமீற்றர் கமரா வைத்திருந்த தனியாட்கள்: பொறியியலாளர், பாதிரியார், விடுமுறைக்கு வந்த வெளிநாட்டவர்.

மட்டக்களப்புக்கு வந்தால் இவர்கள் எல்லோரும் முதலில் போய் நின்ற இடம் கல்லடிப் பாலம். 1920களில் கட்டி, ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரை வைத்த அந்த இரும்புப் பாலத்தின் கீழ் பாடும் மீன் கேட்கும் என்ற கதை அப்போதே பிரபலம். முழுநிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைப்பார்கள். யேசு சபைக் குருவான லாங் அடிகளார் பதிவு செய்த அந்த ஒலி இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஒலிப்பதிவு சரி, அது அரிய வேலை. ஆனால் மீனைப் படம் பிடிக்க வந்து பாலத்தையும் நிலவையும் எடுத்துக்கொண்டு போனவர்களின் காட்சிகள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். மட்டக்களப்பைப் பற்றி அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. பாலம் இன்றும் நிற்கிறது. பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு பழையபடி வாகனச் சுமையும் அதற்கு இல்லை. போர் அதை எடுக்கவில்லை.

அம்பாறைப் பக்கம் கமராவை இழுத்தது கல்லோயா அணைத் திட்டம். தமிழர் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் வேலை தொடங்கியது. அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். சுதந்திரம் கிடைத்த கையோடு தொடங்கிய முதல் பெரிய திட்டம் என்பதால் அதைப் படமெடுக்க அரசாங்கத்துக்கும் ஆசை, அமெரிக்கருக்கும் ஆசை. அந்தக் காலத்து வளர்ச்சிப் படங்களின் அச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: புல்டோசர் காட்டைத் தள்ளும், அணையில் தண்ணீர் நிரம்பும், புதுக் குடியேற்றவாசி ஒருவர் சிரித்தபடி வயலில் இறங்குவார். வாசிப்பவரின் குரல் "வெறும் காடாகக் கிடந்த நிலம்" என்று சொல்லும்.

அந்த ஒரு வாக்கியத்தில் நின்று கவனிக்க வேண்டும். அந்தக் காட்டில் வேடர் இருந்தார்கள். கீழே கடைமடையில் தமிழரும் முஸ்லிம்களும் அணை வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே வேளாண்மை செய்துவந்தார்கள். திட்டம் வந்தபின் தலைமடையில் சிங்களக் குடியேற்றங்கள், கடைமடையில் பழைய ஊர்கள் என்று ஆனது; தண்ணீர்ச் சண்டைக்கு இன நிறமும் வந்து சேர்ந்தது. 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாட்களில், கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் தாக்கப்பட்டார்கள். சுதந்திர இலங்கையின் முதல் இன வன்முறைகளில் ஒன்று அது. ஆகவே 1950களின் தொடக்கத்தில் எடுத்த அணைப் படத்தைப் "போருக்கு முந்திய அமைதிக் காலம்" என்று தலைப்பிட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பின்னால் நடந்த சண்டைக்கு அடித்தளம் போட்ட வேலைதான் அந்தப் படத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

வாழைச்சேனைக் காகித ஆலையையும் இதே ஆசையோடுதான் அந்தக் காலத்தில் பார்த்தார்கள். 1950களின் நடுவில் உற்பத்தி தொடங்கிய ஆலை. வைக்கோலில் இருந்து காகிதம் செய்தது. போர்க் காலத்தில் அது படுத்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் வைக்கோல் கட்டி விற்றவர்களும், ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் அந்தக் காலத்துப் படக்காரர்கள் பேசவிட்டிருக்க மாட்டார்கள். இயந்திரம் மட்டும்தான் ஓடும்.

வாவியைத் தாண்டாத கமரா

நான் பார்த்தவரை, மட்டக்களப்பு என்ற பெயரில் கிடைக்கும் பிலிம் காட்சிகளில் முக்கால்வாசி வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக உள்ள எழுவான்கரைதான்: நகரம், கோட்டை, கல்லடி, காத்தான்குடி வழியாகக் கல்முனை போகும் றோட்டு, பாசிக்குடாக் கடற்கரை. காரணம் பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை. கமராவும் முக்காலியும் பிலிம் பெட்டியும் கனம். றோட்டு உள்ள இடத்துக்குத்தான் அவை போகும். படுவான்கரைக்குப் போக வேண்டுமென்றால் மண்முனையிலோ குருமண்வெளியிலோ பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். (வெளியூர் வாசகருக்கு: வண்டியையும் ஆளையும் ஏற்றிக் கரைக்குக் கரை கொண்டுபோகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றே பெயர்.) வந்தவர்கள் அனேகமாக வாடிவீட்டிலிருந்து ஒரு நாள் பயணமாகப் போய்த் திரும்பக்கூடிய தூரத்தோடு நின்றுவிட்டார்கள்.

இதன் விளைவு கசப்பானது. போர் ஆகக் கடுமையாக உழுத நிலம் படுவான்கரையும் வாகரையும் அம்பாறையின் உட்கிராமங்களும்தான். அவற்றுக்குத்தான் பிலிம் காட்சி ஆகக் குறைவு. 1986 பெப்ரவரியில் அறுவடை நேரத்தில் வயலில் வைத்து ஆட்கள் கொல்லப்பட்ட உடும்பன்குளம், 1987 ஜனவரியில் இறால் பண்ணையில் நடந்த படுகொலையாலும் 1991 ஜூனில் மகிழடித்தீவில் நடந்த படுகொலையாலும் உலகம் கேள்விப்பட்ட கொக்கட்டிச்சோலைப் பகுதி, 2006 நவம்பர் 8ஆம் திகதி இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலை மீது ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த கதிரவெளி. இந்தப் பெயர்கள் எல்லாம் வெளியுலகின் பதிவில் வருவது ஒரு கொலையோடு சேர்ந்துதான். அதற்கு முதல் நாள் அந்த ஊர் எப்படி இருந்தது என்று காட்ட ஆள் இல்லை.

ஆள் இல்லை என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. 1980களில் விஎச்எஸ் கமரா ஊருக்குள் வந்துவிட்டது. கலியாணவீடு, சாமத்தியவீடு (பெண் பூப்படைந்த சடங்கு), கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் வீடியோக்காரரைப் பிடித்தார்கள். பிரதி ஒன்று சுவிசுக்கோ லண்டனுக்கோ கனடாவுக்கோ போன மாமாவுக்கு அனுப்பப்பட்டது. ஊரில் இருந்த பிரதி 1990இல் வீட்டோடு போனது. மாமாவிடம் போனது அலுமாரிக்கு மேலே இன்னும் கிடக்கிறது. மட்டக்களப்புக் கிராமங்களின் ஆகச் சிறந்த ஆவணப்படம் எடுத்தவர்கள் யார் என்று கேட்டால், தயங்காமல் இந்த வீடியோக்காரர்களைத்தான் சொல்வேன். அவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் அதில் உள்ள நல்ல விஷயம். பெண்ணின் முகத்தையும் மாலையையும் எடுப்பதற்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் கமராவைச் சும்மா சுற்றி வளைத்தார்கள். அந்தச் சுற்றலில் முழு ஊரும் வந்து விழுந்திருக்கிறது.

அப்படி ஒரு சாமத்தியவீட்டு வீடியோவை, படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து இப்போது நகர்ப்பக்கம் இருக்கிற ஒரு அம்மம்மாவோடு இருந்து பார்த்தேன். ஆலாத்தி எடுக்கிற காட்சி வந்தபோது அவர் பெண்ணைப் பார்க்கவேயில்லை.

"நிப்பாட்டு மனே. கொஞ்சம் பின்னால கொண்டு போ. அங்க, அந்த வேலிக்கு அங்கால."

வேலிக்கு அங்கால் எனக்குத் தெரிந்தது மங்கலாக ஒரு கூரையும், அதன் கீழே சாத்தி வைத்த ஏதோ மரச் சாமானும்.

"அது எங்கட மாமிர வீடு. அதுல சாத்திக் கிடக்கிறது கலப்பை. அந்த வருசம் ரெண்டாம் உழவுக்கு மெசின் வரல்ல, மாட்டாலதான் உழுதது. அப்ப இது மாரிக்கு முந்தி."

வீடியோவின் உறையில் வருடமும் இல்லை, மாதமும் இல்லை. ஒரு கலப்பையை வைத்து அவர் பருவத்தைச் சொல்லிவிட்டார். அதன்பின் வேலியோரமாக வலமிருந்து இடம் ஒவ்வொரு வளவாக யாருடையது என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்று வளவுகள் தாண்டியதும் நின்று, இதற்கு அங்கால் இருந்தவர்கள் ஒருவரும் இல்லை, காணி யார் பிடித்தார்களோ தெரியாது என்றார். பெண்ணின் சாமத்தியத்துக்காக எடுத்த படம் அந்த இடத்தில் ஒரு காணி வரைபடமாகிவிட்டது.

வருடத்தைக் கண்டுபிடிப்பது

துண்டு ஒன்று கையில் கிடைத்தால், கண்ணீருக்கு முதல் சில சில்லறை வேலைகள் இருக்கின்றன. இடமும் காலமும் பிழையாகிவிட்டால் மற்றதெல்லாம் பிழைதான்.

இடத்தைப் பொறுத்தவரை முக்கியமான பொறி நிர்வாக எல்லை. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். ஆகவே 1950களின் படத்தில் வாசிப்பவர் மட்டக்களப்பு என்று சொன்னால் அது இன்றைய அம்பாறையில் எங்காவது இருக்கலாம். பாண்டிருப்பில் எடுத்த தீமிதிப்பை மட்டக்களப்பு நகரத்துக் கோயில் என்று நினைத்துக் குழம்புவதற்கு இதுவே போதும்.

காலத்துக்கு வாகனங்கள் நல்ல துணை. இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்து இருந்தால் படம் அனேகமாக 1957க்கு முந்தியது. அதன் பின் வந்த வண்டிகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்துவிட்டது. அதைத் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசி அழித்த போராட்டம் தனிக் கதை. பழைய வண்டி பழைய தகட்டோடு பல வருடம் ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது. சிவப்பு நிறத்து இபோச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் தெரிந்தால் 1958 ஜனவரிக்குப் பிந்தியது, ஏனென்றால் அன்றுதான் பஸ் சேவை அரசுடைமையானது. பலகைகளில் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்திருந்தால் 1972 மே மாதத்துக்குப் பிந்தியது.

தொழில்நுட்பமும் ஏமாற்றும். பழைய ஊமைப்படக் கமராக்கள் நொடிக்குப் பதினாறு, பதினெட்டு படச்சட்டம் என்ற வேகத்தில் எடுத்தவை. அதை இருபத்துநான்கில் ஓட்டினால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிவார்கள். "அந்தக் காலத்துச் சனத்தின் சுறுசுறுப்பு" என்று கீழே ஒருவர் எழுதியிருப்பார். ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் மற்ற நிறங்கள் மங்கிச் சிவப்பு மட்டும் மிஞ்சும். வாவி முழுக்க ரோசா நிறமாக இருந்தால் அது பொழுதுபடும் நேரம் என்று அர்த்தமில்லை. டிஜிட்டலுக்கு மாற்றும்போது சுருளை மறுபக்கமாகப் போட்டுவிடுவதும் நடக்கிறது. அப்போது இடம் வலமாகிவிடும். சேலை முந்தானை வலது தோளில் கிடந்தால், பஸ் வலப்பக்கம் ஓடினால், உடனே சந்தேகப்பட வேண்டும். அம்மம்மா சொன்ன மாதிரி வளவுகளை வரிசையாக எண்ணுகிறபோது இந்தப் பிழை ஒரு குடும்பத்தின் காணியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடும்.

இன்னொரு துணை வானத்தில் இருந்து எடுத்த படங்கள். 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடிய உதவியோடு இலங்கை முழுவதையும் விமானத்திலிருந்து படமெடுத்தார்கள். குளக்கட்டு, வண்டிப்பாதை, வட்டை (வயல்வெளி) எல்லை எல்லாம் அவற்றில் தெரியும். தரையில் எடுத்த துண்டில் குளமும் அதன் கட்டும் தெரிந்தால் இரண்டையும் வைத்து ஒப்பிட்டு ஊரைப் பிடித்துவிடலாம்.

புயலும் கடலும் பாலமும்

இனி, எது எதை எடுத்தது என்ற கணக்கு.

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் 90 வீதம் அழிந்தது. மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒரு பங்கு போனது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது நாசம். இன்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வயதைச் சொல்லும்போது புயலுக்கு முந்தி, பிந்தி என்று சொல்வார்கள். ஆகவே கடற்கரை நெடுக அடர்ந்த, உயர்ந்த தென்னை நிற்கிற பழைய படத்தைப் பார்த்துப் போர் அழித்த சோலை என்று சொல்வது பிழை. அந்தச் சோலை போர் தொடங்குவதற்கு முன்பே ஒரே இரவில் விழுந்துவிட்டது. எண்பதுகளின் வீடியோக்களில் தெரிவது புயலுக்குப் பின் வைத்த இளந்தென்னை.

2004 டிசம்பர் 26 அடுத்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடா போலக் கிடந்த நாவலடி அன்று காலையில் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்தது அன்றுதான், ஷெல்லால் அல்ல. இலங்கையில் சுனாமிக்கு ஆகக் கூடுதலாக ஆட்களைக் கொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரம் பேருக்கு மேல். மருதமுனை, சாய்ந்தமருது, பெரியநீலாவணைக் கரையோரத்தை எழுபதுகளில் எடுத்த காட்சி எதைப் பார்த்தாலும் அதிலுள்ள கரைவலை வாடிகளுக்கு என்ன நடந்தது என்பதற்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

பாசிக்குடா கொஞ்சம் சிக்கலானது. எழுபதுகளில் அங்கே உல்லாச விடுதிகள் இருந்தன. போரோடு வெறிச்சோடிச் சிதைந்தன. கடல் வந்து மிச்சத்தை அடித்தது. 2009க்குப் பின் அதே இடத்தில் வேறு விடுதிகள் எழுந்தன. இப்போது போய் நின்றால் போரும் தெரியாது, பழைய பாசிக்குடாவும் தெரியாது.

சமாதானமும் சிலவற்றை எடுத்தது. மண்முனைப் பாதையில் மோட்டார்ச் சைக்கிளும் மாடும் ஆசிரியைமாரும் நெருக்கியடித்துக் கொண்டு நிற்கிற காட்சியைப் பார்த்தால் எனக்கும் ஒரு ஏக்கம் வரும். ஆனால் அது போனது 2014இல் ஜப்பானிய உதவியோடு பாலம் திறந்ததால். இரவில் பிரசவ வலியோடு அந்தக் கரையில் காத்திருந்தவர்களிடம் போய் இந்த ஏக்கத்தைச் சொன்னால் நல்ல பேச்சு வாங்கலாம்.

களவெட்டிக் காட்சியும், அதாவது நெல் சூடடிக்கும் களத்தின் காட்சியும், இந்த வகைதான், ஆனால் பாதிதான். அறுத்த உப்பட்டிகளை (கதிர்க் கட்டுகளை) சூடாகக் குவித்து வைத்து, எருமைகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுகிற காட்சி வேளாண்மையைக் காட்டும் பழைய படக்காரர் யாருக்கும் பிடித்த ஒன்று. களத்தில் நெல்லைப் பொலி என்றுதான் சொல்வார்கள். தூற்றும்போதும் அள்ளும்போதும் பொலிப்பாட்டு இருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் படத்தில் பாட்டு கேட்காது. ஒலியைச் சேர்த்தே எடுக்கும் வசதி அந்தச் சின்னக் கமராக்களில் இல்லாததால், பிறகு கொழும்பிலோ லண்டனிலோ வாத்திய இசையையும் வாசிப்பையும் மேலே பூசிவிட்டார்கள். வாய் அசைகிறது, புல்லாங்குழல் கேட்கிறது. எருமை மிதிப்பு ஒழிந்தது மெசின் வந்ததால். இன்று வெட்டி அடித்து மூட்டையாகத் தருகிற இயந்திரமே வயலுக்குள் இறங்குகிறது. அதைப் போரின் கணக்கில் எழுத முடியாது. எருமைப் பட்டிகள் போனதில் போருக்குப் பங்கு உண்டு. 1990இலும் 2007இலும் படுவான்கரைச் சனம் உடுத்த துணியோடு ஓடியபோது பட்டிகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போனபோது கிடைத்தவை கொஞ்சம். மாடு இருந்தால் தயிர் இருந்தது, தயிர் இருந்தால் கைச்செலவுக்குக் காசு இருந்தது. அது ஒரு முழுப் பொருளாதாரம்.

போர் எடுத்தது

இவ்வளவையும் கழித்த பிறகு படத்தில் மிஞ்சுவது என்ன? என் கணிப்பில், கட்டடத்தை விட ஒரு ஏற்பாடுதான்.

கரையோர நெடுஞ்சாலையில் எடுத்த எந்தப் பழைய காட்சியையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். இரு பக்கமும் தாய்வழிக் குடி முறை உண்டு. இரு பக்கமும் வீடு பெண்ணுக்குத்தான். சந்தையில் தொப்பியும் விபூதியும் ஒரே பாயில் கடை விரித்திருக்கும். காத்தான்குடி வியாபாரி சைக்கிளில் துணி மூட்டை கட்டிப் படுவான்கரை போய், காசுக்குப் பதில் நெல்லை வாங்கிக்கொண்டு வருவது சாதாரணம். தமிழ்ப் போடியாரின் (பெரிய வயல் சொந்தக்காரரின்) வயலை முஸ்லிம் செய்வார், முஸ்லிம் போடியாரின் வயலைத் தமிழர் செய்வார். சச்சரவு இருக்கவில்லை என்று சொல்லவில்லை, 1985இலேயே அடிதடியும் எரிப்பும் நடந்தன. ஆனால் அடுத்த போகத்துக்கு ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு நடந்தவற்றைத் திகதி வாரியாகச் சொன்னால் போதும். ஆகஸ்ட் 3: காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள், சுவரிலுள்ள சன்னத் துளைகள் இன்னும் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகஸ்ட் 11 இரவு: ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 12: அம்பாறை வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5: வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் 158 பேரைக் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. செப்டம்பர் 9: சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் 184 பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்தரைக் கிழமைக்குள் இவ்வளவும். அதன் பிறகு துணி மூட்டைச் சைக்கிள் படுவான்கரைக்குப் போகவில்லை. படுவான்கரையில் இருந்த முஸ்லிம் குடும்பங்களும் எழுவான்கரைக்கு வந்துவிட்டன. வயல் உறுதி ஒருவர் கையில், வயல் இன்னொருவர் ஆட்சியில் என்று இன்றும் இழுபடுகிற வழக்குகளின் தொடக்கம் அங்கேதான்.

அந்தச் சந்தைக் காட்சியில் அழிந்த கட்டடம் ஒன்றும் இல்லை. பல இடங்களில் அந்தச் சந்தை இன்னும் கூடுகிறது. கூடுகிறவர்கள் வேறு, அவ்வளவுதான். இடிபாட்டைத் தேடுகிற கண்ணுக்கு இந்த இழப்பு பிடிபடாது. பழைய படம் கையில் இருந்தால்தான் இது நடந்திருக்கிறது என்றே தெரியவரும்.

காணி, பெயர், முகம்

நீதிமன்றத்தில் இப்படியான காட்சிகளுக்கு நேரடிப் பலன் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைச் சட்டத்தில் ஒருவர் பத்து வருடம் இடையூறின்றி ஆண்டால் காணிக்கு உரிமை கோரலாம். போரால் ஓடியவர்கள் இதில் அடிபட்டார்கள். 2016இல் வந்த ஒரு சிறப்புச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்காமல் விட வழி செய்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று இருந்ததால் அந்தக் கதவு மூடி வெகு நாளாகிறது. தவிர, படுவான்கரையில் பல காணிகள் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அங்கே பிரதேச செயலகத்தின் பதிவுதான் பேசும். வீடியோ செய்யக்கூடியது, எல்லை எங்கே ஓடியது, கிணறு யார் பக்கம் இருந்தது என்று இரு தரப்பு முதியவர்களுக்கும் ஞாபகமூட்டுவது. மத்தியஸ்த சபை மட்டத்தில் அது உதவும்.

முகங்கள் விஷயத்தில் அவதானம் வேண்டும். எண்பதுகளின் திருவிழா வீடியோவில் வடக்கயிறு இழுக்கிற பொடியன்களில் பலர் பிறகு ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள், சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், சிலர் உயிரோடு பெயர் மாற்றி எங்கோ இருக்கிறார்கள். பெயர் சொல்லி, வட்டம் போட்டுப் பொதுவெளியில் ஏற்றுவது யாருக்கு என்ன செய்யும் என்று ஏற்றுபவருக்குத் தெரியாது. மறுபக்கம், ஒரு தாய்க்குத் தன் மகன் நடமாடுகிற ஒரே காட்சி அதுவாக இருக்கலாம். அதை முதலில் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பதுதான் முறை. யூடியூப் பிறகு இருக்கட்டும்.

கடைசியாக, நேரம் போதாது. அசற்றேற் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றம் அடித்துச் சுருங்கும். அந்த நாற்றம் வந்துவிட்டால் வேகமாக முடிந்துவிடும். விஎச்எஸ் நாடாவில் எங்கள் பக்கத்து ஈரக் காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத் தூள் மாதிரித் தெரிந்தால் அப்படியே பிளேயரில் போடக் கூடாது, நாடாவை வாசிக்கும் அதன் தலை கெட்டுவிடும், நாடாவும் அறுந்துவிடும். அந்தப் பிளேயரும் இனிப் புதிதாகக் கிடைக்காது. அதைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டில் நாடா வைத்திருப்பவர்கள் அங்கேயே நல்ல கடையில் கொடுத்து மாற்றுவது இங்கே அனுப்புவதை விடச் சுகம். மாற்றும்போது முழு நாடாவையும் மாற்றச் சொல்ல வேண்டும். கடைக்காரர் "தேவையில்லாத பகுதி" என்று வெட்டுவது பெரும்பாலும் அந்தச் சுற்றி வளைத்த காட்சிகளைத்தான். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களிடம் பிரதி ஒன்று கொடுத்து வைக்கலாம். கொடுக்கும்போது ஊர், வட்டாரம், பழைய கிராம சேவகர் பிரிவு, புயலுக்கு முந்தியா பிந்தியா என்று எழுதிக் கொடுங்கள். அதைப் பார்க்கிற வீட்டு முதியவர் பேசுவதைக் கைபேசியில் தனியாகப் பதிந்து, எந்த நிமிடத்தில் எந்த வளவைச் சொல்கிறார் என்று குறித்து அதோடு சேர்த்து விடுங்கள்.